பதினாலாம் நம்பர் ஸ்லீப்பிங் பேக்

மாத்தளை
செப்டம்பர் 3, புதன்கிழமை

ஆஸியாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்று நீங்கள் சொல்வதை வைத்து நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கோல் எடுத்தால் அறையில் மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்கிறீர்கள். வொய்ஸ் அனுப்பினால் கேட்க நேரமில்லை என்கிறீர்கள். போனில் தமிழ் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவதற்குள் என் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. அதனால் மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதுகிறேன். அவள் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவாள். எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பாருங்கள், என் கையெழுத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

முந்தாநாள் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். காரில் போய்த் தங்குகிற கேம்பிங்குக்கு, மூன்று பருவமும் தாங்கக்கூடிய, படுக்க வசதியான ஸ்லீப்பிங் பேக் எது என்று கேட்டிருந்தீர்கள். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரத்தோட்டை வீதியில் 'ரிவர்ஸ்டன் போவோருக்கு டென்ட், ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு' என்று போர்டு அடித்த மனுஷன், கனடாவில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறார். பிறகு சந்தோஷமாகவும் இருந்தது. போய் ஏழு மாதத்தில் இப்போதுதான் வேலை, வேலை என்பதைத் தவிர வேறொரு பேச்சு உங்களிடமிருந்து வந்திருக்கிறது. சிநேகிதர்களோடு போய் வாருங்கள். மனதுக்கு நல்லது.

இனிக் கடைக்கு வந்த ஆளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள். ஏழு வருஷம் இந்தப் பேக்குகளை நான் சும்மா கழுவிக் காயப்போடவில்லை.

முதலாவது, அந்தக் கால் பக்கம் ஒடுங்கி, தலையையும் சேர்த்து மூடி, முகம் மட்டும் தெரிகிற வகையை வாங்க வேண்டாம். அதுதான் சூடு கூட என்று கடைக்காரன் சொல்வான். சொல்லட்டும். நம்முடைய கடையில் இரண்டு வைத்திருந்தோமே, நம் ஆட்கள் யாராவது அதை எடுத்தார்களா? மையித்துக்குக் கபனிட்ட மாதிரி இருக்கிறது என்று தொட்டும் பார்க்க மாட்டார்கள். வெள்ளைக்காரர் வந்தால்தான் அது வெளியே போகும். அதோடு, நீங்கள் வலப்பக்கம் சரிந்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துத் தூங்குகிறவர். அந்தக் கூட்டுக்குள் முழங்காலை மடக்க முடியாது. நீளச்சதுரமாக, அகலமாக இருப்பதை எடுங்கள். காருக்குத்தானே, தோளில் சுமந்து மலை ஏறப் போவதில்லை. கொஞ்சம் பாரமாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, இத்தனை பாகைக் குளிர் தாங்கும் என்று பட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது நடுங்கி நடுங்கி ஒரு மாதிரி விடியக்காட்டும் கணக்கு. வசதியாகத் தூங்குகிற பாகை பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற பையன்கள் பத்துப் பாகை போதும் அன்ட்டி என்று எடுத்துக்கொண்டு போய், அந்தக் காற்றில் விறைத்து, சளியோடு வந்து பேக்கைத் தருவதைப் பார்த்தவர்தானே நீங்கள்.

இறகு அடைத்தது மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஈரம் பட்டால் கட்டி கட்டியாகச் சுருண்டு, சூட்டை விட்டுவிடும். காருக்குள் ஆள் படுத்தால் மூச்சு முழுதும் கண்ணாடியில் தண்ணீராக நின்று காலையில் சொட்டும். ஆகவே நைலோன் பஞ்சு அடைத்ததே நல்லது. எத்தனை குளிர் என்றாலும் ஒரு கண்ணாடியை விரல் அளவுக்கு இறக்கி வையுங்கள். உள்ளே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம்.

சிப் மேலும் கீழும் இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் மேலே மூடியபடியே காலை வெளியே எடுக்கலாம். சிப்புக்கு உள்பக்கம் ஒரு துணி மடிப்பு ஓடுகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள், அது இல்லாவிட்டால் சிப் வழியாகவே குளிர் ஏறும். உங்கள் உயரத்துக்கு மேலே ஒரு சாண் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் அடியில் ஒன்றுமில்லாவிட்டால் வீண். நாம் படுத்ததும் கீழ்ப்பக்கப் பஞ்சு நசிந்துபோகிறது, குளிர் அடியிலிருந்துதான் வரும். டிவி பெட்டிக்குள் வருகிற மாதிரித் தடித்த ரெஜிபோம் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பருவம் என்றால் பனிக்காலம் அதில் சேராது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். ஒக்டோபர் கடைசி வரைக்கும் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் போய் வந்துவிடுவீர்கள்தானே.

இங்கே போன வெள்ளிக்கிழமை கம்பஸ் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்து ஒன்பது பேக்கும் மூன்று டென்டும் எடுத்தார்கள். ஒரு பேக்கின் காலுக்குள் அட்டை ஒன்று குடியிருந்து வந்தது. மகள் சத்தம் போட்டதில் பக்கத்துக் கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவள் படிக்கிறாள், ஓ.எல். சோதனை கிட்டுகிறது என்ற பயம் கொஞ்சம் வந்திருக்கிறது. வாப்பா ஏன் முகம் காட்டிப் பேசுவதில்லை என்று மட்டும் கேட்கிறாள். கெமரா பழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் கடையில் வழமையாகக் கேட்கும் மூன்று கேள்வியையும் உங்களிடமும் கேட்கிறேன். எத்தனை பேர், எத்தனை ராத்திரி, என்ன வாகனம்? பதில் சொன்னால் இன்னும் சரியாகச் சொல்வேன்.

துஆவோடு,
நிஷ்மியா


மாத்தளை
செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

சலாம். இதை மகள் படம் பிடிக்கவில்லை, நானே பிடிக்கிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் வகுப்புக்குப் போயிருக்கிறாள்.

நீங்கள் அனுப்பிய பதில் புதன்கிழமை வந்தது. ஒரு ஆள். எத்தனை ராத்திரி என்று இன்னும் முடிவில்லை. வாகனம், நீங்கள் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற அதே சின்னக் கார், பின் சீட்டை மடித்துப் போடலாம். இவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். சிநேகிதர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகுதான் உங்கள் முதல் மெசேஜைத் திரும்ப வாசித்தேன். அதிலும் இல்லை. சிநேகிதர்களை நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் கேம்பிங் என்றால் ஒரு வேன் ஆள், ஒரு சவுண்ட் பொக்ஸ், கொத்து ரொட்டிப் பார்சல் என்றுதானே எனக்குத் தெரியும்.

ஏழு வருஷத்தில் ஒற்றை ஆளாக வந்து ஒற்றைப் பேக் கேட்டவர் நம் கடைக்கு ஒருவர்தான் வந்தார். அவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரமேஸ். தம்புள்ளை மார்க்கட்டில் மரக்கறி ஏற்றி விற்றவர். சுத்தமான சேட், சவரம் செய்த முகம். டென்ட் வேண்டாம், பேக் ஒன்று மட்டும் போதும் என்றார். எத்தனை ராத்திரி என்று கேட்டீர்கள், இன்னும் முடிவில்லை என்றார். இதே சொல். நான் பில் போடப் போனேன். நீங்கள் என்னைக் கண்ணால் நிறுத்திவிட்டு, இருங்க அண்ணன், ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போகலாம் என்று அவரை உட்காரவைத்தீர்கள்.

இரண்டாவது பிளேன்டீயில்தான் அவர் சொன்னார். வியாபாரம் விழுந்துவிட்டது, பதினோரு நாளாகச் சின்ன லொறியின் முன் சீட்டில் தூங்குகிறார், திருகோணமலைக்கு லோட் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவியின் நம்பரைக் கேட்டு வாங்க உங்களுக்கு அசர் தொழுகை நேரத்துக்கு மேலாகிவிட்டது. அவ பஸ் எடுத்து வந்து இறங்கியபோது அவர் எழும்பி நின்றார். போவோமா என்று மட்டும்தான் அவ கேட்டா. பேக்கையும் கொண்டுபோங்க, பிறகு கொண்டாந்து தரலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். ஒரு மாதத்தில் தன் கையாலேயே கொண்டுவந்து தந்தார், கழுவி, வெயிலில் காயவைத்து. பதினாலாம் நம்பர் பேக்.

அன்றைக்குத்தான் கடையில் நீங்கள் இரண்டு சட்டம் வைத்தீர்கள். தனி ஆள் என்றால் நாலாவது கேள்வி ஒன்று கேட்க வேண்டும், வீட்டு நம்பர் என்ன என்று. பேக்கை எடுத்துப் போனவரே திரும்பக் கொண்டுவர வேண்டும், வேறு ஆளிடம் கொடுத்துவிட்டால் வாங்கக் கூடாது. எனக்கு அது தொல்லையாக இருந்தது. வியாபாரம் கெடும் என்று உங்களோடு சண்டையும் பிடித்தேன். ஒரு மனுஷன் போனது போல் வந்தானா என்று பார்க்கத்தான் என்று சொன்னீர்கள்.

நேற்று நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அகலமான பேக் இதற்குள் அடங்குமா என்று கேட்டு, மடித்த சீட்டின் மேல் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் அனுப்பியிருந்தீர்கள். நாடாவை நான் பிறகுதான் பார்த்தேன். கண்ணாடியில் உங்கள் பச்சைக் கட்டம் போட்ட சாரத்தை உடுப்புக் கிளிப்பால் மாட்டியிருக்கிறீர்கள். போன வருஷ ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் எடுத்துத் தந்து, பெட்டியில் வைத்து அனுப்பிய சாரம். கோப்பை வைக்கிற குழியில் பல் துலக்கும் பிரஷ். மூலையில் ரைஸ் குக்கர், அதன் மேலே மடித்த தொழுகை முஸல்லா. ஒரு நாள் உல்லாசப் பயணம் போகிற காரில் ரைஸ் குக்கர் எதற்கு? அதை எங்கே செருகுவீர்கள்?

இன்னுமொன்று. உங்கள் மெசேஜ் எல்லாம் எங்களுக்குப் பகல் லுஹர் நேரத்தில் வருகிறது. மகளிடம் கேட்டேன், அங்கே அப்போது விடிய நாலு மணியாம். வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள், குளிரில் எழும்புவது அந்த நேரம்தான் என்று.

உங்களைப் பொய்க்காரர் என்று நான் சொல்லவில்லை. நான் சந்தேகக்காரி, உங்களுக்குத் தெரியும். நீங்கள் அறையில்தான் இருக்கிறீர்கள் என்றால் அந்த அறையை ஒரு படம் பிடித்து அனுப்புங்கள், என்னை நன்றாக ஏசுங்கள், நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் நாலாவது கேள்வியைக் கேட்பேன். வீட்டு நம்பர் என்ன? அந்த நம்பர் என்னுடையதுதானே. அதற்கு ஒரு கோல் எடுங்கள்.

நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. மகளுக்குத் தெரியக் கூடாதென்று நோன்பு பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. 

பேக் இன்னும் வாங்க வேண்டாம்.

நிஷ்மியா


மாத்தளை
செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை

என் அன்புக்குரிய இப்திகாருக்கு,

உங்கள் மேல் சலாம் உண்டாகட்டும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் உங்கள் பெயரை எழுதி நான் ஆரம்பிக்கும் முதல் கடிதம் இது. அங்கே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளாவது இருக்கிறதோ என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

இதை யாரும் படம் பிடிக்கப் போவதில்லை. சாலிஹ் நானாவின் கையில் தருகிற பொதிக்குள் வைக்கிறேன். நகைக்கடை சாலிஹ் நானா புதன்கிழமை நீங்கள் இருக்கிற டொரொண்டோவுக்கு, தன் மகள் ஜஸ்லா வீட்டுக்குப் போகிறார். பொதியில் பதினாலாம் நம்பர் பேக் இருக்கிறது. கடிதத்தைக் கால் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் சிப்பை முழுதாகத் திறந்து, உள்ளே வெளியே புரட்டிப் பார்க்காமல் எந்தப் பேக்கையும் கையில் எடுக்க மாட்டீர்கள். எப்படியும் கிடைக்கும்.

என் போன கடிதத்துக்கு ஒன்பது நாள் பதில் இல்லை. படம் பார்த்ததற்கு அடையாளமான நீலக் கோடு மட்டும் விழுந்திருந்தது. பத்தாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது. பயப்படாதே, கொஞ்ச நாளைக்குத்தான் என்று. அந்த வரியை வாசித்துவிட்டு நான் கடையைப் பூட்டி, டென்ட் அடுக்கியிருக்கிற உள் அறையில் இருந்து அழுதேன். ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் பொய் என்று தெரிந்தும் நம்பியிருப்பேன். கொஞ்ச நாள் என்றதும் எல்லாம் தெரிந்துபோயிற்று. 

எத்தனை நாளாக? ஜூன் மாதத்திலிருந்தா? அறையை மாற்றப்போகிறேன், புது விலாசம் பிறகு தருகிறேன் என்று அப்போதுதான் சொன்னீர்கள். அதன் பிறகு விலாசம் வரவேயில்லை. ஏஜென்ஸிக்காரன் சொன்ன வேலை அங்கே இல்லை என்பது நோன்பு மாதமே எனக்குத் தெரியும். நீங்கள் சமாளிப்பீர்கள் என்று இருந்துவிட்டேன். உங்களைத் தனியே சமாளிக்க விட்டது என் பிழை, அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

வெட்கம் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும். புறப்படுவதற்கு முன் நம் ஒழுங்கை முழுதும் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னீர்கள். ஏறாத படி இல்லை. பிழை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டீர்கள், எல்லாரும் துஆ செய்து அனுப்பினார்கள். ஒரு வருஷம்கூட ஆகாமல் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது என்று யோசிக்கிறீர்கள். நானும் அதை யோசித்தேன். போகிறவர்தான் வீடு வீடாகச் சொல்ல வேண்டும் என்று வழக்கம். திரும்பி வருகிறவர் யாரிடமும் போய்ச் சொல்லத் தேவையில்லை. நேரே நம் வீட்டுக்கு வரலாம்.

இனிப் பேக்கைப் பற்றி. அது பத்துப் பாகைப் பேக், உங்களுக்குத் தெரியும். நீளச்சதுரம், அகலம், சிப் இரண்டு பக்கமும் திறக்கும். இரண்டு தடவை கழுவி, மொட்டை மாடியில் நாலு நாள் வெயிலில் போட்டேன். உள்ளே போட்டுக்கொள்ள, உங்களுடைய இரண்டு பழைய சாரத்தை மூட்டி ஒரு உறை தைத்திருக்கிறேன். உறை இருந்தால் இன்னும் கொஞ்சம் சூடு கிடைக்கும். கால் பக்கம் ஒரு சாண் நீட்டி விட்டிருக்கிறேன், காலை உதைத்துத் தூங்குகிறவருக்கு அது வேண்டும்.

பனிக்காலத்துக்கான பேக்கும் இருக்கிறது. கொழும்பில் ஒரு கடையில் விசாரித்தேன். பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே போனாலும் தாங்குமாம், உள்ளே போனால் அடுப்புக்குள் இருப்பது போல் இருக்குமாம். இரண்டு நாள் அதைப் பற்றியே நினைத்தேன். கடைக்காரப் பிள்ளை பார்சல் செய்து அனுப்பவா மிஸ் என்று கேட்டது. வேண்டாம் என்றேன். 

நான் வேண்டுமென்றேதான் பத்துப் பாகைப் பேக்கை அனுப்புகிறேன். பனிக்காலத்துக்குப் பேக் அனுப்பினால், பனிக்காலத்திலும் அந்தக் காரிலேயே இருங்கள் என்று நானே சொன்னதாகிவிடும். அதை நான் சொல்ல மாட்டேன். குளிர் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினவர்கள் அதன் புகையில் எழும்பவில்லை என்று நான் வாசித்திருக்கிறேன். இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. தயவுசெய்து ஒரு தடவைகூட அதைச் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்.

சாலிஹ் நானாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொன்னது உங்களுக்குப் பிடிக்காது. ஏச வேண்டுமென்றால் வந்து ஏசுங்கள். அவர், எண்பத்தி மூணுல நானும் ஒரு மாசம் கொழும்புப் புறக்கோட்டைக் கடைப் பலகையிலதான் படுத்தேன், வீட்டுக்குத் தெரியாது என்றார். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். ஜஸ்லாவுக்குப் பணிகாரமும் கருவாடும் கொண்டுபோவதாகத்தான் ஊருக்குப் பேச்சு.

ஜஸ்லா வீட்டுக் கீழ்த்தட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். அவளோடு நானே பேசினேன். டிக்கட் சரியாகும் வரைக்கும் இப்திகார் நானா இங்கே இருக்கட்டும் என்று நான் கேட்க முதலே சொன்னாள். விலாசத்தையும் நம்பரையும் இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாலிஹ் நானா இறங்கியதும் உங்களுக்குக் கோல் எடுப்பார். எடுக்காமல் விட வேண்டாம். அவர் வயதான மனுஷன், அந்த ஊரில் உங்களைத் தேடி அலைய விடாதீர்கள். உங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு எனக்குச் சொல்வதாக வாக்குத் தந்திருக்கிறார்.

இங்கே கஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கடை நடக்கிறது. ஓகஸ்ட் மாதத்தில் சனி, ஞாயிறு ஒன்றிலும் பேக் மிஞ்சவில்லை. ரிவர்ஸ்டனில் ஒருவர் தன் காணியில் டென்ட் போட இடம் விடுகிறார், சாமான்களை நாமே கொண்டுபோய் இறக்கித் தந்தால் நல்லது என்கிறார். எனக்கு வேன் ஓட்டத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ரமேஸ் போன மாதம் வந்து ஒரு பூசணிக்காயை இறக்கிவிட்டுப் போனார், சேர் எப்ப வாறார் என்று கேட்டார். இப்போது அவருக்குச் சொந்தமாக இரண்டு லொறி. பேச்சை மாற்றி அவருடைய மனைவியின் சுகத்தை விசாரித்தேன்.

மகளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் உறையைத் தைக்கும்போது வந்து பக்கத்தில் இருந்தாள். இது வாப்பாட சாரன்தானே என்று கேட்டாள். ஓம் என்றேன். ஊசியை என் கையிலிருந்து வாங்கி, கழுத்துப் பக்கம் தானே தைத்தாள். கோணலாக இருக்கும் தையல் அவளுடையது. அதைப் பிரிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இந்தப் பேக் உங்களுக்கு அன்பளிப்பு இல்லை. வாடகைக்குத்தான் தருகிறேன். பதினாலாம் நம்பர்ப் பட்டி தோள் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. கடையில் மாட்டியிருந்த ஆணியில் வேறு எதையும் நான் மாட்டவில்லை. எத்தனை பேர் என்றால் ஒருவர். எத்தனை ராத்திரி என்றால் ஒக்டோபர் முடியும் வரை. வீட்டு நம்பர் எனக்குத் தெரியும். சட்டம் நீங்கள் வைத்தது, நான் மாற்றவில்லை. தபாலில் வந்தாலும், சாலிஹ் நானா கையிலேயே திரும்ப வந்தாலும் வாங்க மாட்டேன். எடுத்தவர்தான் கொண்டுவந்து தர வேண்டும். கழுவாமல் கொண்டுவந்தாலும் பரவாயில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிரும் தனிமையும் உங்களைத் தொடாமல் அல்லாஹ் காவல் நிற்கட்டும். கடையில் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்,

நிஷ்மியா